சேற்றுப்புண்: தினமும் கிருமிநாசினி ஊற்றியும் அம்மாவுக்குக் கால் வீங்கியது ஏன்?

கம்பம்மெட்டுக்காரி
ஆகஸ்ட் 9, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பேனே தவிர இதுவரை எழுதியதில்லை. இப்போது கேட்டே ஆகவேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 54 வயது. இருபது வருடமாகக் கம்பம் ஊரில் விடிகாலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார். ஜூன் பிறந்துவிட்டால் அவர் கால் காயவே காயாது. காலையில் கம்பூட்ஸுக்குள் போகிற கால் சாயங்காலம்தான் வெளியே வரும். அதற்குள் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள் வழியாக மழை வழிந்து பூட்ஸுக்குள் இறங்கி நின்றிருக்கும். சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் சேற்றுப்புண் வருவது எங்கள் வீட்டில் வருடா வருடம் நடக்கிற விஷயம்.

இந்த வருடம் வந்ததும் கிருமிநாசினி பாட்டில் வாங்கிக் கொடுத்தது நான்தான். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால்தான் முழுசாகச் சாகும் என்று சொன்னதும் நான்தான். அம்மா ராத்திரி தோறும் அதை ஊற்றி, பழைய பிரஷால் தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று இரண்டு பேருமே நம்பினோம். இரண்டு வாரத்தில் விரலிடுக்கு, ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்துப்போய், தோல் உரிந்து, உள்ளே செக்கச்செவேல் என்று தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி பல் கிட்டிக்கிற மாதிரி குளிர் நடுக்கம். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. விடிந்து பார்த்தால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: “விரலிடுக்கு வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது. அந்த மருந்தை இனி ஊற்றவே ஊற்றாதீர்கள். சும்மா கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்தால் போதும்.” கூட்டம் அதிகம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

கிருமியைத் தினமும் கொன்றோம். அப்படியிருந்தும் எப்படி ஏறியது? கொன்றது தப்பா?


வார்டு சிஸ்டர்
ஆகஸ்ட் 9, இரவு 10:40

தங்கச்சி, நான் பீர்மேட்டில் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். 22 வருடமாக நர்ஸ். எரிந்தால்தான் மருந்து என்று எங்கள் அம்மாவும் சொல்வார். அதனால் உங்கள் மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள்.

முதலில் அவசரமானது. வந்திருப்பது செல்லுலைட்டிஸ், தோலுக்கு அடியில் பரவுகிற தொற்று. சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, மறுபடி காய்ச்சல் அடித்தாலோ, கொப்புளம் போட்டாலோ உடனே திரும்பப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள். மாத்திரையை வலி போனதும் நிறுத்தாமல், சொன்ன நாள் வரை கொடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. தோலின் மேல் இருக்கிற பாக்டீரியாவை இரண்டு கூட்டமாகப் பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் வரிசையாகப் பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கையைத் தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு பாத்திரத்திலும் எத்தனை பாக்டீரியா இறங்கியது என்று எண்ணிப் பார்த்தார். 1938-இல் எழுதினார். ஒரு கூட்டம் முதல் சில பாத்திரங்களிலேயே போய்விடுகிறது. அது வழியில் ஒட்டிக்கொண்டு வந்தது: சேறு, சாணி, அடுத்தவர் புண், பஸ் கம்பி. இன்னொரு கூட்டம் எவ்வளவு தேய்த்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்குகிறது, விட்டால் மறுபடி அதே அளவுக்கு வந்துவிடுகிறது. அதுதான் நம் தோலில் குடியிருப்பது.

கையைக் கழுவுவது முதல் கூட்டத்துக்காக. இரண்டாவது கூட்டத்தை வீட்டில் யாரும் ஒழிக்க வேண்டியதில்லை. நீங்கள் பிரஷ் போட்டுத் தேய்த்ததில் போனது குடியிருந்தவர்களும், அவர்கள் குடியிருந்த வீடும்.

வீடு என்று நான் சொல்வது மேல் தோலை. அது எப்படிக் காக்கிறது என்று நம் நுண்ணோக்கி சார் சொன்னால் நன்றாக இருக்கும். கல்லூரியில் இதைத்தானே பாடம் எடுக்கிறீர்கள் சார்?


நுண்ணோக்கி
ஆகஸ்ட் 10, காலை 6:55

சிஸ்டர் கூப்பிட்டதும் வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்கையில் தோலின் மேல் அடுக்கு ஒரு காகிதத் தாளை விட மெல்லியது. அதற்குள்ளேயே செத்த செல்கள் பதினைந்து இருபது வரிசை அடுக்கியிருக்கின்றன. செங்கல் கட்டு மாதிரி. செங்கலுக்கு நடுவே சாந்து போல ஒருவிதக் கொழுப்பு: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். தண்ணீர் வெளியே போகாமலும் வேண்டாதது உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது இந்தச் சாந்துதான். கீழேயிருந்து புதுச் செல் ஏறி வந்துகொண்டே இருக்கிறது, மேலே உள்ளது செதிலாக உதிர்கிறது. ஒரு சுற்று முடிய ஏறக்குறைய நான்கு வாரம். உதிரும்போது மேலே ஒட்டியிருக்கிற கிருமியையும் சேர்த்துக்கொண்டே போகிறது.

அடுத்தது புளிப்பு. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம். புளிப்பை அளக்கிற பிஎச் கணக்கில் 4.5-லிருந்து 5.5 வரை சொல்வார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தண்ணீருக்கு 7. சாதாரணக் குளியல் சோப்புக்கு 9, 10. இந்த அமிலப் போர்வையைப் பற்றி 1928-லேயே ஷாடே, மார்கியோனினி என்ற இரண்டு ஜெர்மானியர்கள் எழுதிவிட்டார்கள். கட்டியையும் சீழையும் உண்டாக்குகிற ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸுக்கு இந்தப் புளிப்பு ஒத்துவராது. குடியிருக்கிற பாக்டீரியாவுக்குப் பழகிப்போன ஒன்று. இன்னும் சுவையான விஷயம், இந்தப் புளிப்பில் ஒரு பங்கை உண்டாக்குவதே குடியிருப்பவர்கள்தான். மயிர்க்காலில் வாழ்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் நம் எண்ணெய்ப்பசையைத் தின்று கொழுப்பு அமிலமாக உடைத்துப் போடுகிறது. முகப்பருவுக்காக நாம் திட்டுகிற அதே பாக்டீரியா.

வியர்வையும் சும்மா உப்புத் தண்ணீர் இல்லை. டெர்ம்சிடின் என்று ஒரு சிறு புரதம் அதில் இருக்கிறது, கிருமிகளைக் கொல்லும். 2001-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள்.

இனி குடியிருப்பவர்கள். உடம்பு முழுக்க ஒரே மாதிரி இருக்காது. நம் மலையையே பாருங்களேன். குமுளியில் கொட்டுகிற மழை, கீழே இறங்கி உத்தமபாளையம் வருவதற்குள் தூறலாகி நின்றுவிடும். அங்கே ஏலமும் குறுமிளகும், இங்கே திராட்சையும் தென்னையும், இன்னும் கிழக்கே ஆண்டிபட்டி போனால் கருவேலம். தோலும் அப்படித்தான். முன்கை வறண்ட காடு, அங்கே ஆள் குறைவு. நெற்றியும் மூக்கோரமும் முதுகும் எண்ணெய்ப் பூமி. அக்குளும் தொடையிடுக்கும் கால் விரலிடுக்கும் பெரியாற்றுக் காடு. ஈரமும் சூடும் சேர்ந்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சக்கணக்கில் வாழும். அந்த இடங்களில் புளிப்பும் குறைவு. சேற்றுப்புண் உள்ளங்கையில் வராமல் விரலிடுக்கில் வருவதற்குக் காரணம் இதுதான்.

இவர்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று ஒருவர் எல்லோர் தோலிலும் உண்டு. இடத்தையும் தீனியையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை. ஆரியஸையும், அம்மா காலில் ஏறியிருக்கக்கூடிய ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் கொல்லக்கூடிய சிறு புரதங்களைச் சுரக்கிறது. 2010-இல் ஜப்பானில் ஒரு குழு கண்டது: இதில் சில வகைகள் ஒரு நொதியைச் சுரந்து, மூக்குக்குள் ஆரியஸ் படலமாக ஒட்டிக்கொள்ள முடியாமல் செய்கின்றன. 2016-இல் ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்துக் குழு இன்னொரு மூக்குப் பாக்டீரியாவிடமிருந்து லக்டூனின் என்ற புது ஆன்டிபயாடிக்கையே எடுத்தது. அந்தப் பாக்டீரியா இருக்கிறவர்கள் மூக்கில் ஆரியஸ் அரிதாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் 2012-இல் ஒரு சோதனை. உடம்பில் ஒரு பாக்டீரியாவும் இல்லாமல் வளர்த்த எலிகளின் தோலில் லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைச் செலுத்தினார்கள். அவற்றின் தோலால் சரியாக எதிர்த்துப் போராட முடியவில்லை. எபிடெர்மிடிஸை மட்டும் தோலில் குடியேற்றினார்கள். எதிர்ப்பு திரும்பி வந்தது. அதாவது நம் தோலின் காவல் செல்களைப் பழக்கி வைப்பதிலும் இவர்களுக்குப் பங்கு இருக்கிறது.

சரி, அம்மா காலில் நடந்தது என்ன? பத்து மணி நேரம் ஈரத்தில் ஊறியதில் செங்கல் உப்பிச் சாந்து இளகியது. அதுவே பாதி வாசல் திறந்த மாதிரி. ராத்திரி ஊற்றிய மருந்து குடியிருப்பவர்களைக் கொன்றது, தோல் செல்லையும் சுட்டது. பிரஷ் மீதியைப் பிய்த்தது. விடிந்தால் மறுபடி அதே சேற்று பூட்ஸ். காவலும் இல்லை, கதவும் இல்லை. அன்றைக்கு வந்த கிருமி நேரே உள்ளே போனது.


கங்காணி மகன்
ஆகஸ்ட் 10, மதியம் 1:20

சார், சிஸ்டர், இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. வண்டன்மேட்டுப் பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் ஏலம். அப்பா காலத்தில் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டுதான் காட்டுக்குள் போவார்கள். அட்டையும் அண்டாது, புண்ணும் ஆறும் என்பார்கள். நாற்பது வருடம் அப்படித்தான் ஓடியது. இப்போது நீங்கள் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று சொன்னால் ஆட்கள் என்ன செய்வார்கள்? சோப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். சாணியிலும் உரத்திலும் மருந்தடித்த செடியிலும் கை வைக்கிறவர்கள் அவர்கள். கழுவாமல் சோற்றில் கை வைத்தால் யார் பொறுப்பு?


வார்டு சிஸ்டர்
ஆகஸ்ட் 10, இரவு 8:05

அண்ணே, உங்கள் கவலை நியாயமானது. கழுவ வேண்டாம் என்று நாங்கள் சொன்ன மாதிரி யாராவது புரிந்துகொண்டால் அது எங்கள் தப்பு. கட்டாயம் கழுவ வேண்டும். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வந்த டாக்டர்களைக் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்தார். பிரசவ வார்டுச் சாவு மளமளவென்று குறைந்தது. கையில் ஒட்டிவந்ததுதான் அத்தனை தாய்மாரையும் கொன்றுகொண்டிருந்தது. வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் நாங்கள் கையில் ஸ்பிரிட் தேய்ப்பது இதனால்தான். மருந்தடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு சாப்பிடவே கூடாது.

நான் வேண்டாம் என்பது உடைந்த தோலில் காட்டமான மருந்தைத் தினமும் ஊற்றுவதை. மண்ணெண்ணெயும் அதில் சேர்த்திதான். அது சாந்துக் கொழுப்பைக் கரைத்துவிடும். மண்ணெண்ணெய் தடவிய காலில் தோல் வெடித்துக் கொப்புளம் போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நல்லது கெட்டது பற்றிச் சொன்னீர்களே, அதிலும் உங்கள் பக்கம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சார் சொன்ன அதே எபிடெர்மிடிஸ், தோலின் மேல் இருக்கும் வரை நமக்குக் காவல். நாங்கள் கையில் போடுகிற ஊசிக்குழாய் வழியாக ரத்தத்துக்குள் போனால், செயற்கை மூட்டில், செயற்கை இதய வால்வில் போய்ப் படலமாக ஒட்டிக்கொண்டால், அதை விரட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். குழாய் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது குடியிருப்பவர்களை அந்த நேரத்துக்கு விலக்கி வைக்கத்தான். வார்டில் அது வேண்டும். வீட்டில், முழுத் தோலில் வேண்டாம்.

ஒரு கதை சொல்கிறேன், நர்ஸ்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகள் வார்டுகளில் 80/81 என்று எண் வைத்த ஒரு ஆரியஸ் வகை பரவியது. பச்சைக் குழந்தைகளுக்குக் கட்டி, சீழ், நிமோனியா. பென்சிலின் கேட்கவில்லை. நியூயார்க்கில் ஒரு ஆஸ்பத்திரியில் தேடிப் பார்த்ததில் ஒரு நர்ஸின் மூக்கில் அது இருந்தது. அவர் தூக்கிய குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைகளில் பலருக்கு ஒட்டியிருந்தது. ஒரு நாள் தாண்டிய குழந்தைகளையும் அதே நர்ஸ்தான் தூக்கினார், அவர்களுக்கு ஒட்டவில்லை. ஏன் என்றால் அவர்கள் மூக்கிலும் தொப்புளிலும் அதற்குள் வேறு ஒரு சாதுவான வகை குடியேறியிருந்தது.

ஷைன்ஃபீல்ட் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் அந்தச் சாதுவான வகையை எடுத்து, 502ஏ என்று பெயர் வைத்து, பரவல் இருந்த வார்டுகளில் புதிதாகப் பிறந்த குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் தாங்களாகவே தடவினார்கள். பரவல் அடங்கியது. 1963-இல் இதை எழுதினார்கள். ஒரு பாக்டீரியாவைத் தடுக்க இன்னொரு பாக்டீரியாவைக் கேட்டு வாங்கிக் குடிவைத்தார்கள் அண்ணே! பிறகு ஒரு குழந்தைக்கு அந்த 502ஏ-யே உள்ளே பரவி உயிர் போனது. அந்த வழியைக் கைவிட்டார்கள். நீங்கள் சந்தேகப்பட்டது சரி என்று நான் சொன்னதும் இதற்குத்தான். ஆனால் காலியான இடத்தைக் கெட்டது வந்து பிடிக்கும் என்பதை அந்தக் குழந்தைகள் காட்டிவிட்டார்கள்.


சின்னமனூர் தாய்
ஆகஸ்ட் 10, இரவு 9:30

சிஸ்டர், இழையின் நடுவில் வேறு கேள்வி, மன்னிக்கவும். எனக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தை பிறந்ததுமே வெந்நீரில் குளிப்பாட்டி, உடம்பில் இருக்கிற வெள்ளை மாவைக் கடலைமாவு போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். நீங்கள் சொன்னதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.


வார்டு சிஸ்டர்
ஆகஸ்ட் 10, இரவு 9:48

அந்த வெள்ளை மாவைத் தேய்த்து எடுக்க வேண்டாம் அம்மா. கர்ப்பத்துக்குள் குழந்தை தனக்கே பூசிக்கொண்ட மெழுகு அது. ஈரத்தைக் காக்கும், கிருமியை எதிர்க்கிற புரதமும் அதில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் முதல் குளியலைப் பிறந்து 24 மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ரத்தத்தை மட்டும் மெல்லத் துடைத்து, உங்கள் நெஞ்சோடு தோலில் தோல் படப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு முதல் குடித்தனக்காரர்கள் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். தொப்புளில் ஒன்றும் வைக்க வேண்டாம், சாம்பல், எண்ணெய் எதுவும். உலர்ந்தால் போதும். மாமியாரிடம் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள், மருமகள் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும்.


பெரியகுளத்தான்
ஆகஸ்ட் 11, காலை 7:30

சேற்றுப்புண், படர்தாமரை இரண்டுக்கும் மெடிக்கலில் ஒரே ட்யூப் தருகிறார்கள். பூசினால் மறுநாளே அரிப்பு நிற்கிறது. என் தம்பி தொடையிடுக்கில் ஆறு மாதமாகப் பூசுகிறான். நிறுத்தினால் முன்னை விடப் பெரிதாக வருகிறது. அம்மாவுக்கு அதை வாங்கலாமா என்று கேட்பதற்கு முன், அது சரிதானா என்று யாராவது சொல்லுங்கள்.


நுண்ணோக்கி
ஆகஸ்ட் 11, காலை 8:15

தயவுசெய்து வாங்காதீர்கள். தம்பியை இன்றைக்கே தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அந்த ட்யூப்களில் பெரும்பாலும் மூன்று நான்கு மருந்து கலந்திருக்கும்: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அவற்றோடு காட்டமான ஸ்டீராய்டு ஒன்று. மறுநாளே அரிப்பு நிற்பது ஸ்டீராய்டால். அது தோலின் எதிர்ப்பையே தூங்க வைக்கிறது. சிவப்பும் அரிப்பும் தோல் சண்டை போடுவதற்கு அடையாளம். சண்டை நின்றதும் பூஞ்சை ஓசைப்படாமல் பரவுகிறது. பல மாதம் பூசினால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, தொடையில் வரி வரியாக விழுந்துவிடும், அந்த வரி பிறகு போகாது. சாதாரண மாத்திரைக்கு அடங்காத படர்தாமரை நாடு முழுக்கப் பெருகியதற்கு இந்த ட்யூப்களும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விதியை மாற்றியது. கேட்டால் கொடுக்கிற கடை இன்னும் இருக்கிறது.

சேற்றுப்புண்ணிலும் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. 1970-களில் லெய்டன், கிளிக்மன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் இதைத் துருவிப் பார்த்தார்கள். முதலில் பூஞ்சை வந்து உலர்ந்த செதிலாக உரிகிறது. அந்த நிலையில் பெரிய தொல்லை இல்லை. அதன் மேல் ஈரமும் மூடலும் சேர்ந்தால் பாக்டீரியா கட்டுமீறிப் பெருகி, வெளுத்து, நாறி, வலிக்கிற புண்ணாகிறது. ஒழுங்காகக் குடியிருந்தவர்களே கூட்டம் பெருத்து, சமநிலை போய், புது ஆட்களும் சேர்ந்துவிடுவார்கள். அதனால் பூஞ்சை மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், ஸ்டீராய்டு கலக்காததாக. உலர்த்துவது எப்படியும் செய்ய வேண்டியது. அதற்குச் சீட்டு வேண்டாம்.


லயத்துப்பிள்ளை
ஆகஸ்ட் 11, இரவு 7:10

வண்டிப்பெரியாறு. அப்பாவுக்குச் சர்க்கரை 15 வருடமாக. பாதத்தில் உணர்ச்சி குறைவு. அவருக்கும் இதே கழுவித் துடைப்பது போதுமா? வேப்பெண்ணெய் போடலாமா?


வார்டு சிஸ்டர்
ஆகஸ்ட் 11, இரவு 8:00

அப்பாவுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் தம்பி. கால் சூட்டை அறியாது, அதனால் வெந்நீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள், அல்லது பச்சைத் தண்ணீரே போதும். ராத்திரி தோறும் விளக்கைப் பிடித்து உள்ளங்காலையும் ஒவ்வொரு விரலிடுக்கையும் நீங்களே பாருங்கள். எண்ணெய் குதிகாலுக்கும் பித்தவெடிப்புக்கும் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது, ஈரத்தைப் பிடித்து வைத்துவிடும். சின்னக் கீறல், கொப்புளம், நிறம் மாறியது, எதுவானாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரி.

தோட்டத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இன்னொன்று. எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரும் சேறும், கீறிய தோல் வழியாகவும் ஊறிப்போன தோல் வழியாகவும் அந்தக் கிருமியை உள்ளே விடும். இதைக் குடியிருக்கிற பாக்டீரியா தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்காதீர்கள், பாம்பும் இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் இது எப்படிப் பரவியது என்று எல்லோருக்கும் தெரியும். சேற்றில் இறங்குகிறவர்களுக்கு வாரம் ஒருமுறை போடுகிற தடுப்பு மாத்திரை உண்டு. ஹெல்த் சென்டரிலோ ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ கேளுங்கள், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண்ணும் சிவந்தால், தோட்டத்து வேலை என்று டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அட்டைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நகத்தால் அதன் வாய்ப்பக்கம் மெல்ல நெம்பினால் விட்டுவிடும். தீ வைக்கவோ பிடித்து இழுக்கவோ வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு சாறு விடுவதால் கொஞ்ச நேரம் வழியும், பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் நாலு நாள் அரிக்குமே, அந்த அரிப்பில் நகம் போட்டுச் சொறிவதில்தான் பாதிப் புண் வருகிறது.


கம்பம்மெட்டுக்காரி
ஆகஸ்ட் 12, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்போ என் தோலில் குடியிருந்தவங்களை நானே விரட்டிட்டேனா?” என்று ரொம்ப நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைத் தாண்டிச் சிவப்பு வரவில்லை. வீக்கம் பாதிக்குப் பாதி வடிந்திருக்கிறது.

ஒரே ஒரு சிக்கல். வீட்டில் உலர்த்திவிடலாம். பகல் முழுக்க ஈரத்தில் நிற்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? வேலையை விட முடியாது.


கங்காணி மகன்
ஆகஸ்ட் 13, காலை 6:10

இது நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நேற்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. என் காட்டில் வேலை செய்கிற 11 பெண்களையும் நேற்று மதியம் காலைக் காட்டச் சொன்னேன். ஏழு பேருக்கு விரலிடுக்கு வெளுத்திருக்கிறது. இத்தனை வருடமும் ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

ஸ்டோரில் காய் உலர்த்துகிற சூடு எப்போதும் இருக்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கவிழ்த்து வைத்து, காலைத் துடைத்து, காய்ந்த பருத்தி சாக்ஸ் மாற்றிக்கொண்டால் உதவுமா சிஸ்டர்? அரை மணி நேரம் போதுமா?


வார்டு சிஸ்டர்
ஆகஸ்ட் 13, காலை 6:45

அண்ணே, நீங்கள் சொன்னதை விட நல்ல வைத்தியம் என்னிடம் இல்லை. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஒவ்வொரு விரலாக விரித்து, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு துணி, மாற்றிக்கொள்ள வேண்டாம். அரை மணி நேரம் காற்றுப் படட்டும். பூட்ஸின் மேல்வாயில் மழை இறங்காதபடி பிளாஸ்டிக் தாளை வெளியே விட்டுக் கட்டினால் பாதித் தண்ணீர் உள்ளேயே போகாது. வெளுத்திருக்கிற ஏழு பேரையும் ஹெல்த் சென்டருக்கு அனுப்புங்கள், அன்றைய கூலியைப் பிடிக்காமல்.


கங்காணி மகன்
ஆகஸ்ட் 13, காலை 6:52

பிடிக்க மாட்டேன்.


கம்பம்மெட்டுக்காரி
அக்டோபர் 2, இரவு 8:20

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா செப்டம்பர் நடுவில் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தார், இப்போது கங்காணி மகன் அண்ணன் காட்டுக்கு. விரலிடுக்கில் புதுத் தோல் வந்துவிட்டது. முதலில் ரோஜா நிறத்தில் பளபளவென்று இருந்தது, இப்போது பக்கத்துத் தோலோடு கலந்துவிட்டது. சார் சொன்ன நான்கு வாரம் ஏறக்குறைய சரியாக இருந்தது. கிருமிநாசினி பாட்டில் குளியலறை ஜன்னலில் இன்னும் பாதியோடு நிற்கிறது. தரை துடைக்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தீர்க்கிறோம்.

நேற்று அம்மாவை அழைத்துவர நானே மேலே போயிருந்தேன். ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. சுவர் ஓரம் பூட்ஸ்கள் தலைகீழாக, கம்பில் சொருகி நின்றன. சூடு வருகிற பக்கம் ஒரு கொடிக்கயிறு, அதில் 12 ஜோடி சாக்ஸ். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவரவர் சாக்ஸ் என்று தெரிவதற்கு வேறு வேறு நிற நூலில் ஒரு முடிச்சு. அம்மாவுடையது பச்சை.


கங்காணி மகன்
அக்டோபர் 2, இரவு 8:41

பன்னிரண்டாவது ஜோடி உங்கள் அம்மாவுடையதுதான் தங்கச்சி. சிஸ்டர், அந்த ஏழு பேரில் இரண்டு பேருக்கு இன்னும் ஆறவில்லை, களிம்பு போட்டும். மறுபடி அதே டாக்டரிடம் அனுப்பவா, தோல் டாக்டரிடம் போகச் சொல்லவா?


வார்டு சிஸ்டர்
அக்டோபர் 2, இரவு 9:05

ஆறு வாரம் தாண்டிவிட்டது, தோல் டாக்டரிடமே அனுப்புங்கள் அண்ணே. பூசுகிற ட்யூபையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் ரத்தத்தில் சர்க்கரையும் பார்த்துவிடட்டும்.